4.6 என்னும் எல்லைக்கோடு

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. மே மாதம் நட்ட தக்காளி, பீன்ஸ், மக்காச்சோளம், வெள்ளரி எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளும். வீட்டில் தின்று தீராது. அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அவர்கள் தோட்டத்திலும் அதே நிலைமைதான். அக்டோபரில் உறைபனி விழுந்துவிட்டால் செடிகள் ஓரிரவில் கருகிப்போகும். பிறகு வசந்தம் வரும்வரை மண்ணிலிருந்து ஒன்றும் கிடைக்காது. கோடையின் மிகுதியைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோகும் வழியாகத்தான் கேனிங் அங்கே குடும்ப வழக்கமாக வேரூன்றியது. காய்கனிகளைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து மூடி, ஜாடியோடு சேர்த்துச் சூடாக்கி, காற்றுப் புகாதபடி இறுகச் செய்து, குளிர்பெட்டியின் உதவி இல்லாமலே ஓராண்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

இது ஒருவர் தனியாகச் செய்து முடிக்கிற வேலை இல்லை. பீன்ஸின் நாரை உரித்து ஒடிப்பதற்குத் தாத்தா பாட்டி வாசல் திண்ணையில் உட்காருவார்கள். ஜாடியின் குறுகிய வாய்க்குள் சிறுவர்களின் கை எளிதாகப் போகும் என்பதால் கழுவும் வேலை அவர்களுக்கு. தக்காளியைக் கொதிநீரில் முக்கித் தோலுரிப்பவர் ஒருவர், அடைப்பவர் ஒருவர், ஜாடியின் விளிம்பைத் துடைத்து மூடி போடுபவர் ஒருவர், அடுப்பையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே நிற்பவர் ஒருவர். இவர்களில் கடைசியாகச் சொன்னவருடைய வேலைதான் மற்ற எல்லாருடைய உழைப்பையும் உணவாகவோ நஞ்சாகவோ ஆக்குகிறது. அது ஏன் என்று புரிந்துகொள்ள ஜாடிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் உணவைக் காக்கும் வழிகள் வேறு. கத்தரிக்காயையும் கொத்தவரங்காயையும் காயவைத்து வற்றலாக்கினோம். மாங்காயையும் எலுமிச்சையையும் உப்பில் ஊறவைத்தோம். வற்றலில் நுண்ணுயிர்கள் வாழத் தேவையான நீர் இல்லை. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் அவற்றை அண்டவிடுவதில்லை. கேனிங் செய்த பீன்ஸுக்கோ இந்தக் காவல் எதுவும் கிடையாது. ஜாடியைத் திறக்கும்போது அது ஈரமாக, மென்மையாக, புளிப்பின்றி, பீன்ஸாகவே இருக்கிறது. அதைக் காத்தது வெப்பம் ஒன்றுதான். எனவே அந்த வெப்பத்தில் குறை வைக்க இடமில்லை.

இந்த முறையைக் கண்டவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க் கலைஞர். 18ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் சோதனைகளைத் தொடங்கிய அவர், காய், பழம், இறைச்சி, பால் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வைத்துப் பார்த்தார். பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. 1810இல் தன் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள் என்று நிறுவப்போகும் லூயி பாஸ்டர் பிறந்தது 1822இல். காரணம் தெரியாமலே, பொறுமையான சோதனையால் மட்டும் அப்பேர் சரியான வழிக்கு வந்து சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை வருகிறது.

தக்கையும் மெழுகும் வீட்டு அடுப்படிக்கு ஒத்துவரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஜான் லேண்டிஸ் மேசன் என்ற தகர வேலைக்காரர். கண்ணாடி ஜாடியின் கழுத்திலேயே திருகுவரி அமைத்து, அதன்மேல் துத்தநாக மூடியைத் திருகும் அமைப்புக்கு 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை பெற்றார். 1879இல் அந்த உரிமை காலாவதியானதும் வேறு பலரும் அதே ஜாடியைச் செய்யத் தொடங்கினார்கள். அவர்களில் பால் சகோதரர்கள் ஐவர் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் நடத்திய தொழிற்சாலையின் பெயர் இன்றும் அமெரிக்க அடுப்படிகளில் ஜாடிகளின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. யார் செய்தாலும் அதற்கு மேசன் ஜாடி என்றே பெயர்.

இன்றைய மூடி இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒன்று, அடியில் ரப்பர் போன்ற பூச்சு வளையமுள்ள தட்டையான தகடு. மற்றது, அதைப் பிடித்துக்கொள்ளும் திருகு வளையம். வளையத்தை விரல்நுனிப் பலத்தில் மட்டுமே திருக வேண்டும். முறுக்கி இறுக்கினால் காரியம் கெட்டுவிடும். ஏனென்றால் சூடாகும்போது ஜாடிக்குள் இருக்கும் காற்று தகட்டின் ஓரம் வழியாக வெளியேற வேண்டும். உணவுக்கு மேலே விடும் இடைவெளி, தக்காளிக்கு அரை அங்குலம், பீன்ஸுக்கு ஓர் அங்குலம், அந்தக் காற்றுக்கும் உணவு உப்புவதற்கும் கணக்கிட்டு விடப்படுவது. காற்று போய் அந்த இடத்தில் நீராவி நிற்கும். அடுப்பிலிருந்து எடுத்து வைத்ததும் நீராவி குளிர்ந்து நீராகிச் சுருங்க, உள்ளே அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் தகட்டை அழுத்த, நடுவில் சற்று மேடாக இருந்த தகடு ‘டிங்’ என்ற ஒலியோடு உள்வாங்கிக் குழிகிறது. அதற்குப் பிறகு திருகு வளையமே தேவையில்லை. வளிமண்டலமே மூடியைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை ஜாடி வைத்தோமோ அத்தனை ‘டிங்’ கேட்கிறதா என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பாடப்புத்தகத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் படிப்பதைவிட இது மனத்தில் நன்றாகப் பதியும்.

ஆனால் அந்த ஒலி மூடி இறுகியதற்குத்தான் சாட்சி. உள்ளே உயிர் எதுவும் மிஞ்சவில்லை என்பதற்குச் சாட்சி அன்று.

மண்ணில் எங்கும் இருக்கும் பாக்டீரியா ஒன்று கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் என்ற சிற்றூரில், ஓர் இறுதிச் சடங்கில் வாசித்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த எமில் வான் எர்மென்கெம் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். சூழல் ஒவ்வாதபோது இது தடித்த உறைக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டு வித்தாக மாறிக் கிடக்கும். அந்த வித்து கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைக்கும். தோட்டத்துக் காயில் ஒட்டியிருக்கும் மண்ணோடு நாம் அதை எவ்வளவோ முறை விழுங்கியிருப்போம். நலமுள்ள பெரியவர்களுக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை. முளைக்க வாய்ப்புக் கிடைத்தால்தான் ஆபத்து. முளைப்பதற்கு அது கேட்பவை: ஆக்சிஜன் இல்லாத இடம், ஈரம், மிதமான வெப்பம், அதிகப் புளிப்போ உப்போ இல்லாத உணவு, போட்டிக்கு வேறு கிருமிகள் இல்லாத நிலை.

பீன்ஸ் ஜாடியை வெறும் கொதிநீரில் வைத்து எடுத்தால் இந்த ஐந்தையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்துவிடுகிறோம். மற்ற கிருமிகளைக் கொன்றாயிற்று, காற்றை வெளியேற்றியாயிற்று, மூடியை இறுக்கியாயிற்று. தப்பிப் பிழைத்த வித்துக்கு அந்த ஜாடி முழுவதும் சொந்தம். பாதி வேலையோடு நின்ற கேனிங், செய்யாத கேனிங்கைவிடக் கெடுதலானது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். திறந்து வைத்த பீன்ஸ் புளித்து நாறித் தன் கேட்டைத் தானே சொல்லிவிடும். மூடிய ஜாடியில் உருவாகும் பாட்டுலினம் நஞ்சு நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செல்லும் வேதித் தூதைத் தடுப்பது அதன் வேலை. இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சுக்கான தசைகளும் செயலிழக்கும். மனிதர் அறிந்த நஞ்சுகளில் இதைவிடக் கொடியது இல்லை.

இந்த வித்து முளைக்க முடியாதபடி தடுக்கும் எல்லை ஒன்று உண்டு. புளிப்பை அளக்கும் பி.எச். அளவுகோலில் அது 4.6. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. 4.6க்குக் கீழே இருக்கும் உணவில் வித்து கிடக்கலாம், ஆனால் முளைக்காது. அங்கே கொல்ல வேண்டியவை ஈஸ்ட், பூஞ்சை, சாதாரண பாக்டீரியாக்கள் மட்டுமே. அவற்றுக்குக் கொதிநீர் போதும். ஆப்பிள், மஞ்சள் பீச், பெரும்பாலான பெர்ரி வகைகள் இந்தப் பக்கம். ஒரு குவார்ட் ஜாடியில், அதாவது ஏறக்குறைய 950 மில்லி பிடிக்கும் ஜாடியில், சூடாக அடைத்த பீச் பழத்துக்குக் கடல்மட்ட ஊர்களில் 25 நிமிடக் கொதி போதுமானது. பீன்ஸ், சோளம், உருளை, கேரட், பூசணி, இறைச்சி அனைத்தும் அந்தப் பக்கம். அவற்றுக்குக் கொதிநீர் போதவே போதாது.

தக்காளி எல்லைக்கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வகைக்கேற்பவும் பழுத்த அளவுக்கேற்பவும் அதன் பி.எச். 4.6க்கு இப்பாலும் அப்பாலும் ஊசலாடும். நாக்கை நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. சர்க்கரை கூடினால் புளிப்பு மறைந்துவிடும். உறைபனியில் செத்த கொடியிலிருந்து பறித்த தக்காளியில் அமிலம் மேலும் குறைந்திருக்கும் என்பதால் அதைக் கேனிங்குக்கே எடுக்கக் கூடாது. ஆகவே அமெரிக்க வேளாண் துறையின் கையேடு எல்லாத் தக்காளிக்கும் ஒரே விதி சொல்கிறது: குவார்ட் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அதில் பாதியான பைன்ட் ஜாடிக்கு ஒரு கரண்டி. அதுவும் கடையில் விற்கும் புட்டிச் சாறு. மரத்திலிருந்து பறித்த எலுமிச்சைதானே உயர்ந்தது என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பழத்திலும் அமிலம் ஒவ்வோர் அளவில் இருக்கும்; புட்டிச் சாற்றில் அது ஒரே சீராக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். இங்கே வேண்டியது சீரான அளவுதான். வெள்ளைச் சதைப் பீச்சும் இப்படி ஏமாற்றக்கூடியது. மஞ்சள் பீச்சைப் போலவே தோன்றினாலும் அதன் பி.எச். 4.6ஐத் தாண்டிவிடக்கூடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காய்களுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை துயரத்திலிருந்து பிறந்தது. 1919ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவிலிருந்து போன ஜாடி ஆலிவ்களைத் தின்று ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் பலர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த ஆராய்ச்சியில் எஸ்டி, கார்ல் மேயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1922இல் வித்துகளின் தாங்குதிறனை அளந்து வெளியிட்டார்கள். 100 டிகிரி செல்சியஸில் வித்துகள் அழிய 330 நிமிடம். 120 டிகிரியில் 4 நிமிடம். இருபது டிகிரிக்கு இவ்வளவு வேறுபாடு!

இந்தக் கணக்கின் உள்ளமைப்பு அழகானது. வித்துகள் எல்லாம் ஒரு நொடியில் சாவதில்லை. 121 டிகிரியில், ஒவ்வொரு 0.21 நிமிடத்துக்கும் பத்தில் ஒன்பது பங்கு சாகிறது. எஞ்சியதில் மறுபடி பத்தில் ஒன்பது. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, நெருங்கிக்கொண்டே போகிறது. அதனால் எதுவரை போனால் போதும் என்று ஓர் அளவு வைத்தாக வேண்டும். பன்னிரண்டு முறை பத்தால் வகுபட வேண்டும் என்று உணவுத் துறை வைத்துக்கொண்டது. லட்சம் கோடி வித்துகள் இருந்தால் ஒன்று மிஞ்சும் அளவு அது. 0.21ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் இரண்டரை நிமிடம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் தேவைப்படும் நேரம் பத்து மடங்காகும்: 111 டிகிரியில் 25 நிமிடம், 101 டிகிரியில் 250 நிமிடம். நான்கு மணி நேரத்துக்கு மேல் கொதித்த பீன்ஸை யாரும் விரும்பித் தின்ன மாட்டார்கள்.

திறந்த பாத்திரத்தில் நீரை எவ்வளவு எரித்தாலும் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. மேலே ஏற்ற அழுத்தம் வேண்டும். நம் வீட்டுக் குக்கரின் அறிவியல்தான் இது. வீட்டுக் கேனிங்குக்கான பிரஷர் கேனரில், கடல்மட்டத்தில், சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய 115 டிகிரிக்குச் செல்கிறது. புளிப்பில்லாத காய்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி என்று அமெரிக்க வேளாண் துறை 1917இலேயே அறிவித்தது. கேனரில் நீராவி வரத் தொடங்கியதும் எடையை வைக்காமல் பத்து நிமிடம் வேகமாக வெளியேறவிட வேண்டும். உள்ளே காற்று கலந்திருந்தால் அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும், வெப்பமோ அந்த அளவுக்கு ஏறியிருக்காது. நீராவியின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு தூய நீராவிக்குத்தான் பொருந்தும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி இது.

மலையூர்களில் இன்னொரு சிக்கல். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் நீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பழ ஜாடிகளுக்கு நேரத்தைக் கூட்ட வேண்டும். காய்களுக்கு அழுத்தத்தைக் கூட்டி, 10 பவுண்டு எடைக்குப் பதில் 15 பவுண்டு எடையை வைக்க வேண்டும்.

குக்கர் என்றதும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறித் தோட்டம் போடும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஊரிலிருந்து கொண்டுபோன குக்கரிலேயே இரண்டு ஜாடிகளை வைத்து எடுக்கலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. கையேட்டில் உள்ள நேரங்கள், குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகள் நிற்கும் பெரிய கேனருக்காகச் சோதித்தவை. அது மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். அந்த நேரத்திலும் வித்துகள் செத்துக்கொண்டிருக்கும். சிறிய குக்கர் வேகமாகச் சூடேறி வேகமாகக் குளிர்ந்துவிடுவதால் அந்தப் பங்கு கிடைக்காது.

கேனருக்குள் 115 டிகிரி என்றால் ஜாடியின் நடுவிலும் 115 ஆகிவிட்டது என்று பொருளில்லை. பீன்ஸ் ஜாடியில் காய்களுக்கு இடையே நீர் இருக்கிறது. சூடான நீர் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கி, சுழன்று சுழன்று வெப்பத்தைப் பரப்பும். அதனால் பைன்ட் ஜாடி பீன்ஸுக்கு 20 நிமிடம் போதும். முழுச் சோளமணிகள் நெருங்கி அடைந்துகொள்வதால் அதே பைன்ட் ஜாடிக்கு 55 நிமிடம். அதே சோளத்தைச் சுரண்டிக் கூழாக்கினால் 85 நிமிடம்; அதையும் பைன்ட் ஜாடியில் மட்டுமே செய்யலாம், குவார்ட்டில் கூடாது. கூழில் நீர் சுழலாது. வெப்பம் ஒவ்வோர் அணுவாகக் கைமாறி நடுப்பகுதியை எட்ட வேண்டும். மசித்த பூசணிக்கு அந்தக் கையேட்டில் நேரமே தரப்படவில்லை. துண்டுகளாக மட்டும் செய்யலாம். ஒரு மசியலும் இன்னொரு மசியலும் ஒரே கெட்டியாக இருப்பதில்லை என்பதால் யாராலும் உறுதி கொடுக்க முடியவில்லை. சமையலில் நாம் மனம்போல் மாவு சேர்ப்பதும் வெண்ணெய் சேர்ப்பதும் இங்கே ஏன் தடை என்பது இதிலிருந்து விளங்கும்.

அமெரிக்கப் பெண்பிள்ளைகள் இந்தத் துல்லியத்தைக் கற்றுக்கொண்ட வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. 1910இல் தென் கரோலினாவின் ஐக்கென் பகுதியில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை சிறுமிகளுக்காகத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒவ்வொருத்தியும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி பயிரிட்டு, தானே கேனிங் செய்து, விற்று, வரவு செலவு எழுத வேண்டும். பக்கத்து மாநிலங்களுக்கும் பரவிய இந்த இயக்கம் பின்னாளில் 4-எச் என்ற இளையோர் அமைப்பின் வேர்களுள் ஒன்றானது. தன் கையில் தன் பணம் இல்லாத கிராமத்துப் பெண்ணுக்குத் தக்காளி டப்பா அதைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டுத் தோட்டம் நாட்டுப் பணியாகி, பல லட்சம் குடும்பங்கள் ஜாடி அடைத்தன.

அந்தத் தலைமுறைகளிலிருந்து வந்த கைப்பக்குவக் குறிப்புகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பல, பீன்ஸை மூன்று மணி நேரம் கொதிநீரில் வைக்கச் சொல்பவை. ‘பாட்டி இப்படித்தான் செய்தாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்க முடியும். பாட்டியின் ஜாடிகளில் வித்து முளைக்காமல் போயிருக்கலாம். முளைத்திருந்தாலும், அக்காலத்தில் காயைத் திரும்ப நெடுநேரம் வேகவைத்துத்தான் உண்டார்கள் என்பதால் நஞ்சு சிதைந்திருக்கலாம். ஆனால் 2015 ஏப்ரலில் ஒஹாயோவின் லங்காஸ்டர் நகரில் தேவாலய விருந்து ஒன்றில் உருளைக்கிழங்கு சாலட் உண்ட 29 பேருக்கு அந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் நோய் கண்டது, ஒருவர் இறந்தார். அந்த உருளை வீட்டில் கேனிங் செய்தது. பிரஷர் கேனரில் வைக்காமல் கொதிநீரில் வைத்து எடுத்திருந்தார்கள். கேனரில் வைத்திருந்தால் குவார்ட் ஜாடிக்கு 40 நிமிடம் ஆகியிருக்கும். பாட்டியின் மசாலாக் கலவையையும் தோட்டத்தையும் கைநேர்த்தியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அவளுடைய நேரக்கணக்கை மட்டும் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

எடுத்து வைத்த ஜாடிகளை 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் குளிரவிட வேண்டும். மறுநாள் திருகு வளையத்தைக் கழற்றி, தகட்டின் நடுவை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கி எழுந்தால் இறுகவில்லை. அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் உண்டுவிடலாம், அல்லது புது மூடி போட்டு 24 மணி நேரத்துக்குள் முழுமையாக மறுபடி செய்யலாம். இறுகியவற்றைக் கழுவித் துடைத்து, பெயரும் தேதியும் எழுதி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டும். உப்பிய மூடி, பீறிட்டு வரும் நீர், மாறிய மணம் இருந்தால் நுனிநாக்கில்கூட வைத்துப் பார்க்காமல் அப்புறப்படுத்த வேண்டும். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும், செய்த முறையில் சிறிதளவு ஐயம் இருந்தால், ஜாடியிலுள்ள காயை உண்ணுமுன் பத்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். வித்தைக் கொல்ல முடியாத கொதிநீர், அது உருவாக்கும் நஞ்சைச் சிதைத்துவிடும். உயரம் ஆயிரம் அடி கூடும்போதெல்லாம் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். டென்வரில் அது பதினைந்து நிமிடம்.